குழந்தைக்கு நெஞ்சுச் சளியும் மூச்சிறைப்பும்: வேலூர்ப் பெற்றோர் வார்டில் கேட்கும் கேள்விகள்

ஆவணி, புரட்டாசியில் மழை பிடித்ததும் வேலூரில் குழந்தைகள் வார்டுகள் நிரம்பத் தொடங்கும். அணைக்கட்டு, குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆற்காடு என்று பல பக்கங்களிலிருந்தும் கைக்குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வருவார்கள். இரண்டு நாள் மூக்கொழுகல், மூன்றாம் நாள் இருமல், நான்காம் நாள் மூச்சிறைப்பு. வந்தவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் இதுதான். குழந்தை மருத்துவராக இந்த ஊர் வார்டுகளில் நான் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், கட்டிலோரம் நின்று அவசரத்தில் முழுதாகச் சொல்ல முடியாமல் போகும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

“வைரஸ்தான்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிமோனியா என்றால் கிருமி இல்லையா?

வைரஸும் கிருமிதான். நம் ஊரில் கிருமி என்றாலே பாக்டீரியாவை நினைத்துக்கொள்கிறோம். அதற்கு ஊசி போட்டால் சரியாகும் என்று எதிர்பார்க்கிறோம். ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நெஞ்சில் சளி இறங்கி மூச்சு வாங்குகிறது என்றால், பெரும்பாலும் அதன் பின்னால் இருப்பது ஒரு வைரஸ். மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து கடைசியில் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய குழல்களாக முடிகிறது. வைரஸ் அந்தக் குழல்களின் உட்சுவரைத் தாக்குகிறது. சுவர் வீங்குகிறது, சளி சுரக்கிறது, உதிர்ந்த செல்கள் சேர்ந்து அடைக்கின்றன. பெரியவர்களுக்கு இதே வைரஸ் தடுமனோடு போய்விடும், ஏனென்றால் நம் குழல்கள் அகலமானவை. மூன்று மாதக் குழந்தைக்கு இலேசான வீக்கமே பாதி வழியை அடைத்துவிடும். இதை பிராங்கியோலைட்டிஸ் என்று கேஸ் தாளில் எழுதியிருப்பார்கள். தொற்று நுரையீரலின் காற்றுப் பைகள்வரை போய்விட்டால் நிமோனியா. சின்னக் குழந்தையில் இரண்டுக்கும் நடுவே கோடு போடுவது கடினம். ஒரே குழந்தைக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

2019-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலுமாக ஏழு நாடுகளில் நடந்தது. இந்தியா அதில் இல்லை, பங்களாதேஷும் தாய்லாந்தும் இருந்தன. கடுமையான நிமோனியாவோடு மருத்துவமனையில் சேர்ந்து, எக்ஸ்ரேயிலும் அது தெரிந்த, ஹெச்ஐவி இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை எடுத்துக்கொண்டால், காரணங்களில் சுமார் 61 சதவீதம் வைரஸ், 27 சதவீதம் பாக்டீரியா என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. ஆர்எஸ்வி என்ற ஒரே வைரஸ் மட்டும் 31 சதவீதம்.

ஆர்எஸ்வி என்பது புதிய நோயா? எங்கள் காலத்தில் கேள்விப்பட்டதே இல்லையே?

பாட்டிகள் கேட்கும் கேள்வி இது. நோய் பழையது. 1956-இல் அமெரிக்காவில் ஆய்வுக்கூடச் சிம்பன்சிகளுக்குத் தடுமன் வந்தபோது இந்த வைரஸைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே நோயுற்ற குழந்தைகளிடமும் அது இருப்பது தெரிந்தது. இரண்டு வயது முடிவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு முறையாவது வந்துவிடும். பலருக்கு வெறும் சளி. சிலருக்கு, குறிப்பாக ஆறு மாதத்துக்குட்பட்டவர்களுக்கு, மூச்சிறைப்பு.

வேலூருக்கும் இந்த வைரஸுக்கும் பழைய தொடர்பு உண்டு. சி.எம்.சி. மருத்துவமனையில் டி. ஜேக்கப் ஜான் கட்டியெழுப்பிய வைரஸ் ஆய்வுக்கூடம் இந்தியாவில் இத்துறையின் முன்னோடிகளில் ஒன்று. அவரும் உடன் பணியாற்றியவர்களும் 1980-களில் மூச்சுத் தொற்றோடு வந்த குழந்தைகளின் மூக்குச் சளியை எடுத்து, அதில் எந்த வைரஸ் இருக்கிறது என்று தேடினார்கள். 1991-இல் வெளியான அந்த முடிவுகளிலும் நெஞ்சுச் சளிக்கான வைரஸ்களில் முன் நின்றது ஆர்எஸ்விதான். குளிர்நாட்டு வியாதி என்று அதை யாராவது சொன்னால், நம் மண்ணிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது.

உலக அளவில் 2019-ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 3 கோடியே 30 லட்சம் பேருக்கு ஆர்எஸ்வியால் நெஞ்சுத் தொற்று, 36 லட்சம் பேர் மருத்துவமனையில் அனுமதி, ஒரு லட்சத்துக்கும் மேல் இறப்பு. இறந்தவர்களில் 95 சதவீதத்துக்கும் மேல் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர வருமான நாடுகளின் குழந்தைகள். வைரஸ் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆக்சிஜன் இருக்கும் கட்டிலுக்குக் குழந்தை எத்தனை சீக்கிரம் வந்து சேர்கிறது என்பதில்தான் வேறுபாடு.

வேறு என்னென்ன வைரஸ்கள்?

பாராஇன்ஃப்ளூயன்சாவில் நான்கு வகை. மூன்றாம் வகை நெஞ்சில் இறங்கும். ஒன்றும் இரண்டும் குரல்வளையை வீங்கச் செய்து, நாய் குரைப்பது போன்ற இருமலைத் தரும். இன்ஃப்ளூயன்சா ஏ, பி இரண்டும் வரும். இதற்கு மட்டும் ஒசெல்டமிவிர் என்ற மருந்து உண்டு, முதல் 48 மணி நேரத்தில் தொடங்கினால் பலன் அதிகம். சாதாரணத் தடுமனுக்குக் காரணமான ரைனோவைரஸ், ஏற்கெனவே இழுப்பு உள்ள குழந்தையைப் பாடாய்ப் படுத்தும். கொரோனா பெரும்பாலான குழந்தைகளில் இலேசாகவே போய்விடுகிறது.

அடினோவைரஸை நான் சற்று பயத்தோடுதான் பார்ப்பேன். பல நாள் விடாத கடுங்காய்ச்சல், கண் சிவப்பு, எக்ஸ்ரேயில் பாக்டீரியா நிமோனியாவைப் போலவே வெள்ளைத் திட்டு. அதன் சில வகைகள் நுரையீரலில் நிரந்தரத் தழும்பை விட்டுச்செல்லும். 2023 தொடக்கத்தில் மேற்கு வங்கத்தில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் நிரம்பி வழிந்தது இந்த வைரஸால்தான்.

2025 ஜனவரியில் சென்னையிலும் சேலத்திலும் ஹெச்எம்பிவி என்று செய்தி வந்தபோது பலர் அரண்டுபோனார்கள். அது 2001-இல் நெதர்லாந்தில் அடையாளம் காணப்பட்ட வைரஸ், அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே மனிதரிடையே சுற்றிக்கொண்டிருந்தது. ஆர்எஸ்வியின் நெருங்கிய உறவு. அறிகுறியும் சிகிச்சையும் கிட்டத்தட்ட அதேதான்.

தட்டம்மையை மறந்துவிட வேண்டாம். அம்மை இறங்கிய பிறகு வரும் நிமோனியாதான் தட்டம்மையில் குழந்தைகளை அதிகம் கொல்வது. தடுப்பூசி போடாத குழந்தை எங்கிருந்தாலும் அந்த ஆபத்தும் அங்கே இருக்கிறது.

வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது, இது வெறும் சளியா, நெஞ்சில் இறங்கிவிட்டதா என்று?

மூச்சை எண்ணுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும் நேரமாகப் பாருங்கள். தூக்கத்தில் எண்ணுவது இன்னும் நல்லது. மடியில் படுக்கவைத்துச் சட்டையை மார்புக்கு மேலே தூக்கிவிடுங்கள். வயிறும் நெஞ்சும் சேரும் இடத்தைப் பாருங்கள். மேலே எழுந்து தாழ்ந்தால் ஒன்று. கடிகாரத்திலோ செல்போனிலோ முழுதாக ஒரு நிமிடம் வைத்து எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம். கைக்குழந்தை வேகமாக மூச்சுவிட்டு, சற்று நிறுத்தி, மறுபடி விடும், அந்தக் கணக்கு தப்பிவிடும். அதிகமாக வந்தால் இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள்.

இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60-ம் அதற்கு மேலும் அதிகம். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம் மேலும். ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40-ம் மேலும். இது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இந்த எண்களுக்குப் பின்னால் நம் ஊர்க் குழந்தைகளும் இருக்கிறார்கள். ஸ்டெதாஸ்கோப்பும் எக்ஸ்ரேயும் இல்லாமல், மூச்சு வேகத்தையும் நெஞ்சு உள்வாங்குவதையும் மட்டும் பார்த்து நெஞ்சுத் தொற்றைக் கண்டுபிடிக்க முடியுமா என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் சோதித்துப் பார்த்து, முடியும் என்று 1988-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அப்போது இது வட ஆற்காடு மாவட்டம். கிராமச் செவிலியர் கையில் ஒரு கடிகாரம் இருந்தால் போதும் என்ற நிலை உருவானதில் அந்த ஆய்வுக்கும் பங்கு உண்டு. நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிபுணரைவிட, மடியில் குழந்தையை வைத்திருக்கும் தாய் இதை முன்னதாகவே கண்டுபிடித்துவிடலாம். எனக்குத் தெரிந்து இதைவிடப் பயனுள்ள சோதனை எதுவும் ஒரு வீட்டில் செய்ய முடியாது.

எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் குழந்தை சரியில்லை என்று தோன்றுகிறது.

உங்கள் தோன்றலை மதியுங்கள், கொண்டுவாருங்கள். இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது: மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, மூக்குத் துளை விரிந்து விரிந்து சுருங்குவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, உதடோ நாக்கோ நீலம் பூப்பது, பால் குடிக்க மறுப்பது அல்லது வழக்கத்தில் பாதிகூடக் குடிக்காதது, ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடப்பது. உடனே 108-ஐ அழையுங்கள். ஜவ்வாது மலைக் கிராமங்களிலிருந்து இறங்கி வர வேண்டியவர்கள் இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மலைப்பாதையில் இரவில் ஆக்சிஜன் இல்லாத வண்டியில் வருவது குழந்தைக்கு மிகப் பெரிய சோதனை.

இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை, அதிலும் குறைமாதத்தில் பிறந்தது என்றால், இன்னும் கூடுதல் கவனம் தேவை. இந்த வயதில் ஆர்எஸ்வி இருமலே இல்லாமல் வரலாம். குழந்தை திடீரென்று சில விநாடிகள் மூச்சையே நிறுத்திவிடும். காய்ச்சல் இருந்தாலும், உடல் சில்லிட்டிருந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

இத்தனை மூச்சு வாங்குகிறதே, ஏன் ஆன்டிபயாடிக் ஊசி போடவில்லை?

இதைக் கேட்கும்போது அப்பாக்களின் குரல் உயர்வதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் நியாயமானது. பிள்ளை கண்முன்னால் திணறுகிறது, டாக்டரோ மருந்து வேண்டாம் என்கிறார். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை எதுவும் செய்யாது. பிராங்கியோலைட்டிஸ் வந்த குழந்தைக்கு அதைக் கொடுத்தால் ஒரு நாள் முன்னதாகக்கூட வீடு போக முடியாது. வயிற்றுப்போக்கு வரலாம், ஒவ்வாமை வரலாம். பின்னாளில் உண்மையிலேயே பாக்டீரியா தாக்கும்போது அந்த மருந்து கேட்காமல் போகலாம். இந்தக் கடைசி ஆபத்து ஏற்கெனவே நம் வார்டுகளுக்குள் வந்துவிட்டது.

அதற்காக எந்தக் குழந்தைக்கும் கொடுக்க மாட்டார்கள் என்பதில்லை. மிகச் சின்னக் குழந்தை, கடுமையான நிலை, குறைந்துகொண்டிருந்த காய்ச்சல் மறுபடி ஏறுவது, எக்ஸ்ரேயில் ஒரு பகுதி முழுதும் வெளுத்திருப்பது, இப்படி இருந்தால் பாக்டீரியாவும் சேர்ந்திருக்கலாம் என்று கருதித் தொடங்குவார்கள். காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதை மட்டும் வைத்து வைரஸையும் பாக்டீரியாவையும் பிரிக்க முடியாது. சந்தேகம் இருக்கும்போது கொடுப்பதும், தெளிவானதும் நிறுத்துவதும் நல்ல மருத்துவம்தான். கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள், கொடுக்காவிட்டாலும் ஏன் என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் சொல்வது எங்கள் கடமை.

நீங்களாக மருந்துக் கடையில் போய், போன முறை எழுதிக்கொடுத்த பாட்டிலை வாங்கி ஊற்றாதீர்கள்.

அப்படியென்றால் மருத்துவமனையில் என்னதான் செய்கிறீர்கள்?

மூன்று காரியம்: மூச்சுக்கு ஆக்சிஜன், உடம்புக்கு நீர், மூக்கைச் சுத்தமாக வைத்திருப்பது. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். வைரஸ் தன் போக்கில் ஓய்வதற்கு ஒரு வாரம் ஆகும், அந்த ஒரு வாரமும் குழந்தை களைத்துப் போகாமல் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை.

விரலிலோ பாதத்திலோ சிவப்பு வெளிச்சத்தோடு ஒரு கிளிப் மாட்டியிருப்பார்கள். அதில் தெரியும் ரத்த ஆக்சிஜன் சதவீதம் 90-க்குக் கீழே போனால் ஆக்சிஜன் கட்டாயம். பல மருத்துவர்கள் 92-க்குக் கீழேயே தொடங்கிவிடுவார்கள். மூக்கில் இரண்டு சின்னக் குழாய் வைத்துக் கொடுப்பது முதல் படி. அது போதாவிட்டால், சூடும் ஈரமும் சேர்த்த காற்றை வேகமாகச் செலுத்தும் கருவி, அல்லது தண்ணீரில் குமிழி விட்டு அழுத்தம் கொடுக்கும் சிபாப். வென்டிலேட்டர் வரை போகிறவர்கள் மிகக் குறைவு.

ஆக்சிஜன் வைத்துவிட்டார்கள் என்றால் கைமீறிவிட்டது என்று அர்த்தமா?

இல்லவே இல்லை. இந்தப் பயத்தால் மூக்குக் குழாயைப் பிடுங்கிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர்கள் உண்டு. ஆக்சிஜனுக்குக் குழந்தை பழகிப்போகாது. குழல்கள் திறந்ததும் தானாகவே தேவை குறையும், நாங்களும் குறைத்துக்கொண்டே வந்து எடுத்துவிடுவோம்.

பக்கத்துக் கட்டிலுக்கு நெபுலைசர் வைக்கிறார்கள், எங்களுக்கு வைக்கவில்லை.

பக்கத்துக் கட்டில் குழந்தைக்கு ஒருவேளை நான்கு வயது, அடிக்கடி வீசிங் வரும் பிள்ளையாக இருக்கலாம். அங்கே குழாயைச் சுற்றியுள்ள தசை சுருங்கியிருக்கிறது, மருந்து அதைத் தளர்த்தும். உங்கள் ஐந்து மாதக் குழந்தைக்கு அடைப்பு சளியாலும் வீக்கத்தாலும் வந்தது. நெபுலைசரில் விடும் சால்பியூட்டமால் மருந்தோ ஸ்டீராய்டோ அதற்கு உதவாது என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன. குழந்தையின் இதயத் துடிப்பு கூடுவதுதான் மிச்சம். சில நேரம் மருத்துவர் ஒரு முறை கொடுத்துப் பார்ப்பார், மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுவார்.

எந்த வைரஸ் என்று டெஸ்ட் எடுத்தால் நல்லதுதானே?

மூக்கின் உள்ளே குச்சி விட்டுச் சளி எடுத்து, பத்துப் பதினைந்து கிருமிகளை ஒரே தடவையில் தேடும் பிசிஆர் சோதனை இப்போது வேலூரில் கிடைக்கிறது. செலவு பிடிக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதன் முடிவு சிகிச்சையை மாற்றாது. தீவிர சிகிச்சையில் இருக்கும் குழந்தை, இதயக் கோளாறோ எதிர்ப்புச் சக்திக் குறைவோ உள்ள குழந்தை, இன்ஃப்ளூயன்சா என்று சந்தேகப்படும் குழந்தை, இவர்களுக்குப் பயன்படும். ஒரே வார்டில் யாரையெல்லாம் சேர்த்து வைக்கலாம் என்று முடிவு செய்யவும் உதவும்.

முடிவில் வைரஸ் பெயர் வந்துவிட்டால் அதுதான் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும். ரைனோவைரஸும் போக்காவைரஸும் நோயே இல்லாத குழந்தைகளின் மூக்கிலும் அடிக்கடி இருக்கும். போன மாதத்துத் தடுமனின் மிச்சமாகவும் இருக்கலாம். ஆர்எஸ்வி, இன்ஃப்ளூயன்சா, ஹெச்எம்பிவி இருந்தால் அவைதான் காரணம் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். எக்ஸ்ரேயும் அப்படியே. அதைப் பார்த்து வைரஸா, பாக்டீரியாவா என்று திட்டவட்டமாகச் சொல்ல முடியாது. எல்லாக் குழந்தைக்கும் எடுக்க வேண்டியதுமில்லை.

மூச்சு வாங்கும்போது பால் கொடுக்கலாமா?

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சளி கட்டும் என்று நிறுத்தச் சொல்லும் அக்கம்பக்கத்தார் இன்னும் இருக்கிறார்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்தத் தொற்று வருவதும் குறைவு, கடுமையாவதும் குறைவு.

எப்படிக் கொடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். நோய் ஏறும் நாட்களில் குழந்தை மார்பைப் பற்றும், நான்கு உறிஞ்சு உறிஞ்சும், விட்டுவிட்டு வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும், மறுபடி பற்றும், அழும். பால் வேண்டாமென்று அது விலகுவதில்லை. கைக்குழந்தை மூக்கு வழியாகவே மூச்சு விடும், மூக்கு அடைத்திருந்தால் உறிஞ்சவும் மூச்சுவிடவும் ஒரே நேரத்தில் முடியாது. பால் கொடுப்பதற்குச் சற்று முன்னால் உப்புநீர்ச் சொட்டு மருந்தை மூக்கில் ஒன்றிரண்டு சொட்டு விட்டு, வழியும் சளியை மெல்லத் துடைத்துவிடுங்கள். தலையை உயர்த்திப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். மார்பைப் பற்றக் களைத்துவிட்டால் பாலைப் பீய்ச்சிப் பாலாடையால் புகட்டலாம். நிமிடத்துக்கு எழுபதைத் தாண்டி மூச்சு ஓடும்போது வாய்வழியாகக் கொடுத்தால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். அப்போது மூக்கு வழியே வயிற்றுக்குச் சின்னக் குழாய் போட்டு அதே தாய்ப்பாலை விடுவோம், அல்லது ட்ரிப்ஸ் ஏற்றுவோம். குழாய் போட்ட நாட்களிலும் பீய்ச்சுவதை விடாதீர்கள், இல்லாவிட்டால் சுரப்பு குறைந்துவிடும்.

தைலம், சாம்பிராணி, ஓமம், தேன் எல்லாம் செய்யலாமா?

பாட்டிமார்களை நான் மதிக்கிறேன். வார்டில் இரவு முழுக்கக் குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு விழித்திருப்பவர்கள் பல நேரம் அவர்கள்தான். அதனாலேயே சிலவற்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூக்கில் எண்ணெய் விடவே கூடாது. அது நுரையீரலுக்குள் இறங்கித் தனியொரு நிமோனியாவை உண்டாக்கும், அந்த எண்ணெயை வெளியே எடுக்க வழியில்லை. வாயில் ஊதி, மூக்கை உறிஞ்சிச் சளி எடுப்பதும் கூடாது. கற்பூரம் கலந்த தைலத்தை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தடவ வேண்டாம். கற்பூரம் உடம்புக்குள் போனால் வலிப்பு வரும். குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டுவது நம் வீடுகளில் அன்பின் அடையாளம், ஆனால் வீங்கிய மூச்சுக்குழலுக்கு எந்தப் புகையும் புகைதான். கொசுவர்த்தி, விறகடுப்பு, பீடி, சிகரெட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வீட்டில் புகைப்பவர் இருக்கும் குழந்தைகள் இந்த நோயில் அதிகம் அவதிப்படுகிறார்கள். வாசலில் நின்று பிடித்தாலும் சட்டையில் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும். ஆவி பிடிக்க வைத்த கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன், அது வேண்டவே வேண்டாம். தேன் ஒரு வயதுக்குப் பிறகு கொடுக்கலாம். அதற்கு முன் போட்டுலிசம் என்ற நச்சு ஆபத்து உண்டு. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குத் தேன், வெதுவெதுப்பான ரசம், கஞ்சி எல்லாம் தாராளமாகக் கொடுங்கள்.

இருமல் டானிக்கைத் தொடாதீர்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாடாவில் நச்சு கலந்த இருமல் மருந்தால் குழந்தைகளின் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து நம் மாநிலத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதன்பின் மத்திய அரசின் சுகாதார இயக்ககம், இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாகத் தேவையில்லை என்று அறிவுறுத்தியது. சுத்தமான டானிக்கும் இந்த வைரஸ் இருமலுக்குப் பலன் தராது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், எடைக்கேற்ற அளவில்.

தலைக்கு ஊற்றியதாலா? வாழைப்பழம் கொடுத்ததாலா?

இல்லை. அம்மாமீது பழிபோட வேண்டாம்.

குழந்தையை வெளியே கொண்டுபோகவே இல்லை. எப்படித் தொற்றியது?

வீட்டுக்குள் வந்தவர்கள் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் அங்கன்வாடிக்கோ எல்.கே.ஜி.க்கோ போகும் அக்காவோ அண்ணனோதான். அவர்களுக்கு வெறும் மூக்கொழுகலாக இருந்திருக்கும். தும்மலிலும் இருமலிலும் பரவுவது ஒரு வழி, கை இன்னொரு வழி. ஆர்எஸ்வி மேசை, கட்டில் கம்பி போன்ற இடங்களில் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். மூக்கைத் துடைத்த கையால் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினால் போதும். பெயர் வைக்கும் நாளிலும் தொட்டில் போடும் நாளிலும் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முத்தம் கொடுக்கிறார்கள். சளி இருப்பவர் தூக்க வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அந்த இளம் தாய்க்கு எத்தனையோ சங்கடம் மிச்சம். சோப்புப் போட்டுக் கை கழுவினால் வைரஸ் போய்விடும். தாய்க்கே தடுமன் என்றால் முகக்கவசம் போட்டுக்கொண்டு பால் கொடுக்கலாம்.

எந்தக் குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம்?

மூன்று மாதத்துக்குட்பட்டவர்கள், குறைமாதத்தில் பிறந்தவர்கள், இதயத்தில் ஓட்டை உள்ளவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோயோ டவுன் சிண்ட்ரோமோ உள்ளவர்கள், எடை குறைந்தவர்கள். இருந்தாலும் வார்டில் சேரும் ஆர்எஸ்வி குழந்தைகளில் பெரும்பாலோர் எந்தக் குறையும் இல்லாமல் நிறைமாதத்தில் பிறந்தவர்களே. கொழுகொழுவென்று இருக்கிறதே என்று மெத்தனமாக இருந்துவிட வேண்டாம்.

இதற்குத் தடுப்பூசி இல்லையா?

ஆர்எஸ்விக்கு 1960-களில் ஒரு தடுப்பூசி செய்து பார்த்தார்கள். அதைப் போட்ட குழந்தைகளுக்குப் பிறகு இயற்கையாகத் தொற்று வந்தபோது நோய் முன்பைவிடக் கடுமையானது, இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அந்த அடியிலிருந்து அறிவியல் மீண்டு வர அரை நூற்றாண்டு ஆயிற்று. 2023-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. கடைசி மூன்று மாதங்களில் தாய்க்குப் போட்டால் எதிர்ப்புப் பொருள் தொப்புள்கொடி வழியே குழந்தைக்குப் போகும். பிறந்த குழந்தைக்கு நேரடியாகப் போடும் நிர்செவிமாப் என்ற ஊசியும் வந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இரண்டில் ஒன்றை எல்லா நாடுகளும் கொண்டுவர வேண்டும் என்கிறது. நம் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இவை சேர வேண்டும் என்று குழந்தை மருத்துவர்கள் உரக்கக் கேட்க வேண்டிய நேரம் இது. இறப்புகளில் பெரும்பகுதி நம்மைப் போன்ற நாடுகளில் நடக்கும்போது, மருந்து பணக்கார நாடுகளோடு நின்றுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது கையில் இருப்பவற்றைத் தவறவிடாதீர்கள். ஹிப் என்ற பாக்டீரியாவுக்கு எதிரான மருந்து அடங்கிய பென்டாவேலன்ட் ஊசியை நாட்டிலேயே முதலில், 2011 டிசம்பரில், தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும். நியூமோகாக்கல் ஊசி 2021 முதல் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம்: ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். இவை பாக்டீரியா நிமோனியாவைத் தடுப்பவை. வைரஸ் தாக்கிய நுரையீரலில் இந்தப் பாக்டீரியா பின்னாலேயே ஏறிக்கொள்வதால் இங்கேயும் காக்கும். தட்டம்மை ரூபெல்லா ஊசி ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயதை ஒட்டி மற்றொன்று. இன்ஃப்ளூயன்சா ஊசி அரசு அட்டவணையில் இல்லை, ஆறு மாதத்துக்கு மேல் போடலாம். முதன்முதலாகப் போடும் ஆண்டில் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை.

இது பிறகு ஆஸ்துமாவாக மாறிவிடுமா?

ஆர்எஸ்வியோ ரைனோவைரஸோ கடுமையாக வந்த குழந்தைகளில் சிலருக்கு அடுத்த சில ஆண்டுகள் சளி பிடிக்கும்போதெல்லாம் இழுப்பு வரும். வைரஸ்தான் அதை உண்டாக்கியதா, அல்லது முன்பே அப்படிப்பட்ட மூச்சுக்குழல் இருந்ததால்தான் வைரஸ் கடுமையாகத் தாக்கியதா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. பெரும்பாலோர் பள்ளி வயதுக்குள் தேறிவிடுகிறார்கள். குடும்பத்தில் ஆஸ்துமா, தோல் ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவையுங்கள்.

எப்போது வீட்டுக்கு விடுவீர்கள்? இருமல் நிற்கவில்லையே?

இருமல் நிற்கும்வரை வைத்திருக்க மாட்டோம். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை நோய் உச்சத்தில் இருக்கும், பிறகு இறங்கும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். ஆக்சிஜன் இல்லாமலே கிளிப்பில் அளவு சரியாக நிற்கிறது, தூக்கத்திலும் இறங்கவில்லை, வழக்கத்தில் முக்கால் பங்காவது பால் குடிக்கிறது என்றால் அனுப்பிவிடுவோம். நோய் தொடங்கிய இரண்டாம் நாளே கொஞ்சம் தெளிவாக இருக்கிறது என்று வீட்டுக்குப் போக அவசரப்படாதீர்கள், உச்சம் இனிமேல்தான் வரும்.

வீட்டுக்குப் போன முதல் இரண்டு நாள் காலையும் இரவும் ஒரு நிமிடம் மூச்சை எண்ணி, கேஸ் தாளின் பின்பக்கத்திலேயே தேதியோடு குறித்து வையுங்கள். மறுபடி எண்ணிக்கை ஏறினாலோ, குழி விழுந்தாலோ, நின்ற காய்ச்சல் திரும்பினாலோ அந்தத் தாளோடு நேராக வாருங்கள், புதிதாக ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்க வேண்டாம், அவசரப் பிரிவுக்கே வாருங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத்தின் பெரிய மருத்துவமனைகளிலும் அது இரவு பகல் திறந்திருக்கும். மூன்று வாரம் தாண்டியும் இருமல் இருந்தால், எடை ஏறாவிட்டால், காசநோய் உள்ள பெரியவர் வீட்டில் இருந்தால், தனியாகச் சோதனை தேவைப்படும். அதைக் கேட்டு வாங்குங்கள்.